மேற்குச் சுவருக்கு உள்பக்கம் இன்சுலேஷன் போடப் போகிறோம், அதே சுவரில் இருக்கும் ஏசியை என்ன செய்வது?

ரங்காபுரம்வாசி

எல்லோருக்கும் வணக்கம். சத்துவாச்சாரி ரங்காபுரத்தில் எங்கள் வீடு. மாடியில் அப்பா படுக்கும் அறைக்கு மேற்குச் சுவர் முழுக்க வெளிச்சுவர், ஒன்பது அங்குலச் செங்கல். அந்தப் பக்கம் காலி மனை, நிழலுக்கு ஒரு செடி கூட இல்லை. மதியம் இரண்டு மணியிலிருந்து பொழுது சாயும் வரை வெயில் நேராகச் சுவரில் அடிக்கும். ராத்திரி பத்து மணிக்கு உள்பக்கம் கை வைத்துப் பார்த்தால் அப்போதும் சூடு இறங்கியிருக்காது. அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. அக்னி நட்சத்திரம் வந்தால் ஏசி ஓடிக்கொண்டே இருக்கிறது, அப்படியும் அறை குளிர்வதற்கு நடுராத்திரி ஆகிவிடுகிறது.

சுவரின் உள்பக்கம் 50 மி.மீ. எக்ஸ்பிஎஸ் ஷீட் (சூட்டைத் தடுக்கும் கெட்டியான ஃபோம் பலகை) ஒட்டி, மேலே ஜிப்சம் போர்டு அடிப்பதாக முடிவு செய்துவிட்டோம். சிக்கல் என்னவென்றால் ஏசியின் இண்டோர் அதே சுவரில்தான் இருக்கிறது. வேலைக்கு வந்து பார்த்தவர், "ஏசியைக் கழற்ற வேண்டாம், அதைச் சுற்றி ஷீட்டை வெட்டி ஒட்டிவிடலாம்" என்கிறார். கழற்றினால் கேஸ் போகும், செலவு கூடும் என்று வீட்டிலும் பயப்படுகிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

குளிர்காற்று_காட்பாடி

சார், சுற்றி வெட்டி ஒட்டும் வேலைக்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். நான் ஏசி வேலைதான் செய்கிறேன். இண்டோரைச் சுற்றி வெட்டினால் இடுக்கு நிற்கும். குளிர்காற்று அந்த இடுக்கு வழியாகப் போர்டுக்குப் பின்னால் நுழையும். இண்டோருக்குப் பின்னால் இருக்கும் செங்கல் மட்டும் வெறுமனே கிடந்து சூட்டை நேராக மெஷினுக்குக் கொடுக்கும். அப்புறம் யூனிட் இரண்டு இரண்டரை அங்குலம் குழிக்குள் போனதுபோல ஆகிவிடும். மேல் பக்கம் காற்று இழுக்க இடம் குறையும், ஃபில்டரைக் கழற்றிக் கழுவுவது கூடக் கஷ்டம்.

சில விவரம் வேண்டும். அவுட்டோர் எங்கே வைத்திருக்கிறீர்கள்? காப்பர் பைப் வெளியே தெரிகிறதா, சுவருக்குள் புதைத்திருக்கிறார்களா? எந்த கேஸ்? எத்தனை டன்?

ரங்காபுரம்வாசி

ஒன்றரை டன் இன்வர்ட்டர், ஆர்32 கேஸ். அவுட்டோர் மொட்டை மாடியில். பைப்பை அந்த மேற்குச் சுவரையே காடி வெட்டிப் புதைத்து மேலே கொண்டுபோயிருக்கிறார்கள்.

பாலாற்றங்கரை

தம்பி, ஏசியை விடுங்கள், முதலில் மாடித் தளத்தைக் கவனித்தீர்களா? நம் ஊரில் வீட்டுக்குள் வரும் சூட்டில் பெரும்பங்கு தலைக்கு மேலேயிருந்து வருவது. பழைய வீடுகளில் தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்து, அதன்மேல் தட்டோடு பதிப்பார்கள். இப்போது கான்கிரீட்டை ஊற்றி அப்படியே விட்டுவிடுகிறார்கள். சுவருக்கும் வெளியே நிழல் கொடுப்பதுதான் முறை. நான்கு கழி நட்டுத் தென்னங்கீற்றுத் தட்டி கட்டினாலே பாதி வெயில் நின்றுவிடும். சூட்டைச் சுவருக்குள் விட்டுவிட்டு அறைக்குள் வராமல் தடுப்பதைவிட, சுவரிலேயே படாமல் தடுப்பது மேல்.

ரங்காபுரம்வாசி

ஐயா, மாடிக்கு வெள்ளை கூல் ரூஃப் டைல்ஸ் போட்டுவிட்டோம். நல்ல வித்தியாசம் தெரிகிறது. அதற்குப் பிறகும் இந்த ஒரு சுவர்தான் தொந்தரவு. சுவர் எங்கள் எல்லைக்கோட்டிலேயே நிற்கிறது. அந்தப் பக்கம் ஒரு அங்குலம் கூட எங்களுடையது இல்லை. மனைக்காரர் தட்டி கட்டவும் சம்மதிக்கவில்லை, சாரம் கட்டவும் சம்மதிக்கவில்லை. அதனால்தான் உள்பக்கம் என்று முடிவெடுத்தோம்.

சிவில்_தொரப்பாடி

அப்படியென்றால் உள்பக்கம்தான் வழி. தினமும் ஏசி போடும் அறைக்கு அது பொருந்தவும் செய்யும், ஏனென்றால் ஏசி அந்தக் கனமான செங்கல் சுவரைக் குளிர வைக்கத் தேவையில்லை, அறைக் காற்றை மட்டும் குளிர வைத்தால் போதும். ஏசி இல்லாத அறைக்கு நான் இதைச் சொல்லமாட்டேன்.

ராத்திரி பத்து மணிச் சூட்டுக்குக் காரணம் இதுதான். ஒன்பது அங்குலச் செங்கலில் வெளிச்சூடு உள்பக்கம் வந்து சேர ஆறேழு மணி நேரம் பிடிக்கும். நான்கு மணி வெயில் பத்து, பதினொரு மணிக்குத்தான் உள்ளே வரும். அப்பா படுக்கப் போகும் நேரமும் அதுதான்.

இப்போது ஏசியைச் சுற்றி வெட்டும் விஷயத்துக்கு ஒரு கணக்கு. பூச்சோடு சேர்ந்த ஒன்பது அங்குலச் சுவர், ஒரு சதுர மீட்டருக்கு, உள்ளே வெளியே ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, சுமார் 2 வாட் சூட்டைக் கடத்தும். 50 மி.மீ. எக்ஸ்பிஎஸ் ஒட்டினால் அது அரை வாட்டுக்குக் கீழே போகும். உங்கள் சுவர் பன்னிரண்டுக்குப் பத்து அடி என்று வைத்துக்கொண்டால் சுமார் 11 சதுர மீட்டர். மே மாதச் சாயங்காலம் வெயில் பட்ட சுவரின் வெளிமுகம் 50 டிகிரியைத் தாண்டும், அறை 26. வித்தியாசத்தை 25 என்றே எடுத்துக்கொள்கிறேன். இன்சுலேஷன் இல்லாமல் 550 வாட் உள்ளே வரும். முழுச் சுவரும் மூடினால் 130 வாட்டுக்குள் அடங்கும்.

ஏசிக்காக நான்கடிக்கு இரண்டடி இடத்தை மட்டும் வெறுமனே விட்டால்? பரப்பில் அது நூற்றுக்கு ஏழு கூட இல்லை. ஆனால் அந்தத் துண்டு வழியாக மட்டும் 37 வாட் வரும். மொத்தம் 155 ஆகிவிடும். ஏழு சதவீத ஓட்டைக்கு உள்ளே வரும் சூட்டில் ஏறக்குறைய கால் பங்கு கூடுகிறது. மீதிச் சுவர் எவ்வளவு நன்றாக மூடியிருக்கிறதோ, அந்த ஓட்டையின் கணக்கு அவ்வளவு பெரிதாகத் தெரியும். அதனால் சுவரில் மாட்டியிருக்கும் எதுவாக இருந்தாலும் கழற்றிவிட்டுத்தான் ஷீட் ஒட்ட வேண்டும்.

இன்னொன்று. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் ஓடியபோது இந்தச் சுவர் ஊறியதா? உள்பக்கம் உப்புப் பூத்ததா, பெயின்ட் கொப்புளம் போட்டதா? பதில் சொல்லிவிட்டு மேலே போங்கள்.

ரங்காபுரம்வாசி

ஆமாம், ஜன்னலுக்குக் கீழே ஈரம் தெரிந்தது, பெயின்ட் உரிந்தது. அப்புறம் வெயிலில் காய்ந்துவிட்டது.

சிவில்_தொரப்பாடி

அப்படியென்றால் முதலில் அது. ஷீட் ஒட்டிவிட்டால் அந்த ஈரம் கண்ணில் படாது, உள்பக்கமாகக் காயவும் வழியில்லை. வெளிப்பூச்சில் விரிசல் இருக்கிறதா, ஜன்னல் சட்டத்தைச் சுற்றி இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். காலி மனையில் ஏணி போட்டு விரிசலை அடைக்க மட்டுமாவது அந்த மனைக்காரரிடம் அனுமதி கேளுங்கள். ஒரு நாள் வேலை என்றால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். அதை முடித்து ஒரு நல்ல மழை பார்த்த பிறகு உள்வேலை தொடங்குங்கள். இதில் அவசரம் வேண்டாம்.

லீட்ஸ்_வேலூர்க்காரி

அண்ணா, நான் வேலூரில் நர்சிங் படித்து இப்போது இங்கிலாந்தில் லீட்ஸில் வேலை பார்க்கிறேன். இந்த இழையைப் படித்ததும் எழுதத் தோன்றியது, ஏனென்றால் இதே வேலையை எங்கள் வீட்டில் குளிருக்காகச் செய்தோம். நூறு வருஷத்துக்கும் மேலான செங்கல் வீடு. உங்களுடையதைப் போலவே இடைவெளி இல்லாத ஒன்பது அங்குலச் சுவர். உள்பக்கம் இன்சுலேஷன் போட வேண்டும், ஆனால் சுவரில் ரேடியேட்டர் மாட்டியிருக்கிறது. ரேடியேட்டர் என்றால் பாய்லரில் சூடாகும் தண்ணீர் குழாய் வழியாக வந்து ஓடும் இரும்புப் பலகை, அறையைச் சூடாக்குவது அதுதான்.

எங்களிடமும் முதலில் வந்தவர் "ரேடியேட்டரைக் கழற்ற வேண்டாம், சுற்றி ஒட்டலாம், பின்னால் அலுமினியத் தாள் வைத்தால் போதும்" என்றார். இரண்டாவதாக வந்த பிளம்பர் அம்மா அதை ஒத்துக்கொள்ளவே இல்லை. அறையிலேயே அதிகச் சூடு இருக்கும் இடம் ரேடியேட்டருக்குப் பின்னால்தான், அந்த இடத்தை வெறுமனே விட்டால் காசு கொடுத்து வாங்கிய சூடு நேரே தெருவுக்குப் போகும் என்றார். உங்களுக்கு ஏசிக்குப் பின்னால் இருக்கும் இடம் அறையிலேயே அதிகக் குளிர்ந்த இடம். திசைதான் வேறு, விஷயம் ஒன்றுதான்.

அவர் கேட்ட இரண்டாவது கேள்விதான் எங்களுக்கு உதவியது: "கழற்றியதை அதே இடத்தில் ஏன் மாட்ட வேண்டும்?" இங்கே ரேடியேட்டரை ஜன்னலுக்குக் கீழே வெளிச்சுவரில் வைப்பது பழைய வழக்கம். ஒற்றைக் கண்ணாடி ஜன்னலில் காற்று குளிர்ந்து கீழே இறங்கிக் காலில் அடிக்கும், அதைத் தடுக்கச் சூட்டை அங்கே வைத்தார்கள். இரட்டைக் கண்ணாடி போட்டு, சுவரும் மூடிய பிறகு அந்தக் காரணம் பெரும்பாலும் போய்விடுகிறது. அதனால் உள்சுவருக்கு மாற்றிவிட்டோம். குழாயில் இருந்த தண்ணீரை முழுக்க வடித்து, செம்புக் குழாயை நீட்டி, மறுபடியும் நிரப்பி, துரு பிடிக்காமல் இருக்க மருந்து கலந்து, காற்றை வெளியேற்றி, கடைசியில் எல்லா ரேடியேட்டருக்கும் சூடு சமமாகப் போகும்படி வால்வுகளைச் சரிசெய்தார்கள். ஷீட்டுக்குப் பின்னால் ஒரு குழாய் கூட இருக்கக் கூடாது என்பதில் அந்த அம்மா கண்டிப்பாக இருந்தார். இன்சுலேஷன் போட்ட பிறகு அதற்குப் பின்னால் இருக்கும் செங்கல் முன்னைவிட அதிகமாகக் குளிரும், அங்கே குழாய் இருந்தால் ஜனவரியில் தண்ணீர் உறைந்து வெடிக்கும்.

ஜன்னலுக்குக் கீழேயே வைத்துக்கொள்ள விரும்பிய பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு, ஜிப்சம் போர்டுக்குப் பின்னால் கெட்டியான பிளைவுட் பலகை வைத்து அதில் மாட்டினார்கள். தண்ணீர் நிரம்பிய ரேடியேட்டரின் கனத்தை வெறும் ஜிப்சம் போர்டு தாங்காது.

ரங்காபுரம்வாசி

மிகவும் நன்றி தங்கச்சி. புதைத்த பைப் எங்கள் சுவரிலும் இருக்கிறது. அதை நான் யோசிக்கவே இல்லை. இன்னொரு கேள்வி. இங்கே ஒருவர் ஜிப்சம் போர்டுக்குப் பின்னால் பாலிதீன் தாள் விரிக்கச் சொல்கிறார். லீட்ஸில் அப்படித்தான் செய்தார்களா?

லீட்ஸ்_வேலூர்க்காரி

ஆமாம், இங்கே அறைப்பக்கம் ஈரத்தடுப்புத் தாள் உண்டு.

சிவில்_தொரப்பாடி

லீட்ஸில் சரி, வேலூரில் தப்பு. அங்கே குளிர்காலத்தில் உள்ளே வெதுவெதுப்பான ஈரக்காற்று, வெளியே குளிர். ஈரம் உள்ளேயிருந்து வெளியே போகப் பார்க்கும், அதனால் அறைப்பக்கம் தடுக்கிறார்கள். நம் ஊரில் மழை நாளில் வெளியே வெதுவெதுப்பும் ஈரமும், உள்ளே ஏசிக் குளிர். ஈரம் வெளியேயிருந்து உள்ளே வரும். அறைப்பக்கம் பாலிதீன் விரித்தால் வருகிற ஈரம் அதன் பின்னால் மாட்டிக்கொண்டு போர்டு பூஞ்சை பிடிக்கும். எக்ஸ்பிஎஸ் ஷீட்டே ஈரத்தை எளிதில் விடாது. ஷீட்டுகள் சேரும் இடத்தில் டேப் ஒட்டி, ஓரங்களில் ஃபோம் அடைத்தால் போதும். பாலிதீன் வேண்டாம். வினைல் வால்பேப்பரும் வேண்டாம், அதுவும் அதே வேலையைத்தான் செய்யும். ஈரத்தைத் தாங்கும் பச்சை நிற ஜிப்சம் போர்டு வாங்குங்கள்.

ஃப்ரேம் அடிக்கும் முறையும் முக்கியம். போர்டைத் தாங்கும் ஜிஐ சேனலை (துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம்) நேராகச் சுவரில் அடித்து இடையிடையே ஷீட்டைச் செருகினால் ஒவ்வொரு சேனலும் சூட்டுக்குப் பாலம் ஆகிவிடும். ஷீட்டை இடைவெளி இல்லாமல் முழுச் சுவருக்கும் ஒட்டி, அதற்கு மேல் சேனல் வைத்து, நீளமான ஆங்கரால் செங்கலில் பிடிக்கச் சொல்லுங்கள்.

வேலப்பாடி_வயர்மேன்

சுவிட்ச் போர்டை மறந்துவிடாதீர்கள். அந்தச் சுவரில் பாக்ஸ் இருந்தால் அதையும் போர்டு அளவுக்கு முன்னால் கொண்டுவர வேண்டும். முடிந்தால் பக்கத்துச் சுவருக்கு மாற்றிவிடுங்கள். ஏசிக்கு 4 சதுர மி.மீ. வயர் இழுங்கள். இன்சுலேஷனுக்குள் போகும் வயருக்குச் சூடு வெளியேற வழி குறைவு, அதனால் அளவில் கஞ்சத்தனம் கூடாது.

எக்ஸ்பிஎஸ்ஸோ தெர்மோகோலோ, வயரின் பிவிசி உறை நேராக அதைத் தொடக் கூடாது. நாளடைவில் பிவிசியை இளக்கமாக வைத்திருக்கும் பொருள் தெர்மோகோலுக்குள் இறங்கிவிடும். வயர் விறைத்துப்போகும், வளைத்தால் உறை வெடிக்கும். எல்லா வயரும் கண்டிப்பாக பைப்புக்குள் போக வேண்டும்.

குளிர்காற்று_காட்பாடி

தங்கச்சி சொன்னது முழுக்க நம் வேலைக்கும் பொருந்தும். சார், அறையில் மற்ற சுவர்கள் என்ன நிலையில் இருக்கின்றன? அப்பா எந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கிறார்?

ரங்காபுரம்வாசி

கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஹால். தெற்கில் பாத்ரூம். வடக்கு வெளிச்சுவர், கீழே எங்கள் சந்து, நான்கடி அகலம். கட்டில் தெற்குச் சுவரை ஒட்டி, தலை தெற்கே.

குளிர்காற்று_காட்பாடி

கிழக்குச் சுவர் வெயில் படாத சுவர்தான், ஆனால் இண்டோரிலிருந்து வடியும் டிரெயின் தண்ணீர் வெளியே போக ஹால் முழுக்கச் சரிவாக பைப் ஓட்ட வேண்டும். அது எப்போதாவது அடைத்துக்கொண்டு ஹால் சுவரில் ஒழுகும். வேண்டாம். தெற்கில் மாட்டினால் அப்பாவின் தலைக்கு நேர் மேலே வரும். ஃபில்டர் கழுவவோ சர்வீஸ் செய்யவோ ஒவ்வொரு தடவையும் அவரை எழுப்பிக் கட்டிலை நகர்த்த வேண்டும்.

வடக்குச் சுவர்தான் சரி. காற்று நேராகக் கட்டில் பக்கம் வரும், அதனால் இண்டோரைச் சுவரின் நடுவில் வைக்காமல் கிழக்கு மூலையை ஒட்டி வைத்து, செங்குத்துத் தகடுகளைக் கதவுப் பக்கம் திருப்பிவிடுங்கள். அப்பாவின் உடம்பில் நேரடியாகக் காற்று படாது. டிரெயினுக்கு அங்கேயே சந்துப் பக்கம் ஓட்டை போட்டால் ஒரு முழத்தில் வெளியே போய்விடும். ஓட்டையை வெளிப்பக்கம் சற்றே தாழ்வாக வருமாறு கோர் கட்டிங் மெஷினால் போடச் சொல்லுங்கள்.

அவுட்டோரையும் மொட்டை மாடியிலிருந்து இறக்கிச் சந்துப் பக்கம் ஆங்கிள் அடித்து வைத்துவிடுங்கள். மாடி வெயிலில் நின்றால் அது சூட்டை வெளியே தள்ளப் போராடும், கரண்டு கூட இழுக்கும். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் வடக்கு என்றால் வெயிலே படாது என்று நினைத்துவிட வேண்டாம். நம் ஊரில் சித்திரை பத்துக்கு மேல் ஆவணி பிறக்கும் வரை உச்சி வெயில் வடக்குப் பக்கமாகச் சாய்ந்துதான் விழும். ஏசி அதிகம் ஓடும் மாதங்களும் அவைதான். உயரமான வெயில் என்பதால் அவுட்டோருக்கு மேலே ஒன்றரை அடிக்குச் சின்ன சன்ஷேட் போதும். முன்பக்கம், பின்பக்கம் காற்றோட்டத்தை மட்டும் அடைத்துவிடாதீர்கள்.

கேஸ் போய்விடும் என்ற பயம் வேண்டாம். கழற்றும் முன் பம்ப் டவுன் செய்யச் சொல்லுங்கள். ஏசியை ஓட விட்டு, மெல்லிய பைப்பின் வால்வை முதலில் மூடி, கேஸ் அவுட்டோருக்குள் வந்து சேர்ந்ததும் தடித்த பைப்பின் வால்வையும் மூடி மெஷினை நிறுத்த வேண்டும். கேஸ் முழுக்க அவுட்டோரில் பத்திரமாக இருக்கும். மறுபடி மாட்டும்போது வேக்குவம் பம்ப் போட்டுப் பைப்பில் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும். கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டுக் காற்றைத் தள்ளுகிற வேலையை அனுமதிக்காதீர்கள். ஆர்32 லேசாகத் தீப்பிடிக்கக் கூடிய கேஸ். கேஸ் இருக்கும்போது பக்கத்தில் பற்றவைப்பு, பீடி, சிகரெட் எதுவும் கூடாது. வேக்குவம் பம்ப் இல்லாமல் வருகிறவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

வாலாஜா_மருமகள்

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். நாங்கள் வாடகை வீட்டில் இருக்கிறோம். மேற்குச் சுவரில் சும்மா தெர்மோகோல் ஷீட்டை ரப்பர் பசையால் ஒட்டி மேலே துணி அடித்தால் போதாதா?

சிவில்_தொரப்பாடி

வேண்டாம்மா. ரப்பர் பசையில் இருக்கும் கரைப்பான் தெர்மோகோலையே கரைத்துவிடும். அதைவிட முக்கியம், திறந்து கிடக்கும் தெர்மோகோல் தீப்பிடித்தால் கறுப்புப் புகை அறையை நிரப்பிவிடும், தூங்குகிறவர் எழுந்திருக்கக் கூட முடியாது. ஜிப்சம் போர்டு போலத் தீயைத் தாங்கும் ஒன்று மேலே இல்லாமல் படுக்கை அறையில் அதை வைக்கவே கூடாது. வாடகை வீட்டுக்கு வெளியே தட்டி கட்டுங்கள், ஐயா சொன்னதுபோல.

பாலாற்றங்கரை

தட்டியைச் சுவரை ஒட்டிக் கட்டாமல் ஒரு அடி தள்ளிக் கட்டுங்கள் அம்மா. இடையில் காற்று ஓட வேண்டும்.

வாலாஜா_மருமகள்

சரிங்க ஐயா. கீற்று வாங்கிவிடுகிறோம்.

ரங்காபுரம்வாசி

வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து இந்த இழை முழுவதையும் படித்தோம். முதலில் ஜன்னல் ஓரமும் விரிசலும் அடைப்பது, அடுத்து ஏசியையும் சுவிட்ச் போர்டையும் வடக்குச் சுவருக்கு மாற்றுவது, கடைசியில் ஷீட்டும் போர்டும். மனைக்காரர் ஏணி வைக்கச் சம்மதித்துவிட்டார். அப்பாவுக்குத்தான் கொஞ்சம் மனக்குறை, மேற்குச் சுவரில் மாட்டியிருக்கும் அம்மாவின் படத்தை எங்கே வைப்பது என்று. போர்டில் ஆணி நிற்குமா? சுவருக்குள் இருக்கும் பழைய காப்பர் பைப்பை என்ன செய்வது?

குளிர்காற்று_காட்பாடி

பழைய பைப்பைப் பிடுங்க வேண்டாம், பூச்சு உடையும். பம்ப் டவுன் ஆன பிறகு இரண்டு முனையையும் வெட்டி நசுக்கிப் பற்றவைத்து மூடிவிடுங்கள். மாடியில் அது வெளியே வரும் ஓட்டையைச் சிமெண்ட்டால் அடைக்காவிட்டால் மழைத்தண்ணீர் அந்தக் காடி வழியாகவே சுவருக்குள் இறங்கி ஷீட்டுக்குப் பின்னால் வந்து நிற்கும். இண்டோருக்குப் பின்னால் இருந்த ஓட்டை, டிரெயின் பைப் புதைத்த இடம் இரண்டையும் ஷீட் ஒட்டும் முன் பூசி உலர விடுங்கள். வடக்குச் சுவர் வெறும் பூச்சுச் சுவர் என்பதால் இண்டோர் பிளேட்டை நேராகச் செங்கலிலேயே பிடித்துவிடலாம், அங்கே பிளைவுட் தேவையில்லை.

சிவில்_தொரப்பாடி

அம்மா படத்துக்கு வெறும் போர்டில் ஆணி வேண்டாம், கண்ணாடிச் சட்டம் கனமாக இருந்தால் இறங்கிவிடும். படம் வரும் இடத்தை இப்போதே அப்பாவிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் போர்டுக்குப் பின்னால் இரண்டு சேனலுக்கு நடுவே 18 மி.மீ. பிளைவுட் துண்டு ஒன்று வைக்கச் சொல்லுங்கள். அதில் திருகாணி நன்றாக நிற்கும். போர்டு மூடும் முன் சுவர் முழுவதையும் டேப் வைத்து அளந்து போட்டோ எடுத்து வையுங்கள், பிளைவுட் எங்கே, வயர் பைப் எங்கே என்று பின்னால் தேட வேண்டியிருக்காது.